சமவுயரக் கோடுகள் இவ்வளவு நெருக்கமாக இருந்தால் சரிவு எத்தனை டிகிரி?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு கணக்கு. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 டோப்போ ஷீட்டில் (நிலத்தின் மேடு பள்ளம் காட்டும் வரைபடத் தாளில்), நீலகிரியின் கிழக்குச் சரிவில் ஓர் இடத்தில் சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. ஸ்கேல் வைத்து அளந்து கணக்குப் போட்டதில் 25 டிகிரி வந்திருக்கிறது. போனில் இருக்கும் வரைபடச் செயலி அதே இடத்துக்கு 18 டிகிரி காட்டுகிறது. எது சரி என்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது: அந்தப் பக்கமாக இறங்க முடியுமா என்பதைத் தாளைப் பார்த்தே முடிவுசெய்யலாமா? முதல் கேள்விக்குத் திட்டமான பதில் உண்டு. இரண்டாவதற்குப் பாதிப் பதில்தான் உண்டு. மீதிப் பாதி தாளில் இல்லை.

முதலில் கணக்கு. இரண்டு கோடுகளுக்கு நடுவே தாளில் நீங்கள் அளப்பது கிடைமட்டத் தூரம். மலைமேல் கால் நடக்கிற தூரம் அல்ல. உயர வித்தியாசத்தைக் கிடைமட்டத் தூரத்தால் வகுத்தால் சரிவு கிடைக்கும். 1:50,000 தாளில் 1 மி.மீ. என்பது தரையில் 50 மீட்டர். இந்தத் தாள்களில் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் பொதுவாக 20 மீட்டர். ஆக, 1 மி.மீ. இடைவெளி என்றால் 50 மீட்டர் போவதற்குள் 20 மீட்டர் ஏற்றம், அதாவது 40 சதவீதம். கால்குலேட்டரில் 0.4க்கு டேன் இன்வர்ஸ் போட்டால் 21.8 டிகிரி. 2 மி.மீ. என்றால் 20 சதவீதம், 11.3 டிகிரி. அரை மி.மீ. என்றால் 80 சதவீதம், 38.7 டிகிரி. இடைவெளி பாதியாகும்போது சதவீதம் சரியாக இரட்டிக்கிறது, டிகிரி அப்படி இரட்டிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். சதவீதத்தை 0.57ஆல் பெருக்கினால் டிகிரி என்று ஒரு குறுக்குவழி உண்டு. 20 டிகிரி வரைக்கும் அது பரவாயில்லை. அதற்குமேல் கூடுதலாகக் காட்டும். 80 சதவீதத்துக்கு 45 டிகிரிக்கு மேல் சொல்லிவிடும்.

இப்போது உங்கள் 25க்கும் செயலியின் 18க்கும் வருவோம். அந்தத் தாளில் 25 டிகிரி என்றால் கோடுகளின் இடைவெளி 0.86 மி.மீ. 18 டிகிரி என்றால் 1.23 மி.மீ. மொத்தச் சண்டையும் 0.37 மி.மீட்டருக்குள் நடக்கிறது. பள்ளிக்கூட ஸ்கேலில் மிகச் சிறிய பிரிவே ஒரு மி.மீ.தான். உண்மையில் 1 மி.மீ. இருக்கும் இடைவெளியை அளக்கும்போது கால் மி.மீ. இப்படி அப்படி ஆனால், விடை 18 டிகிரிக்கும் 28 டிகிரிக்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் விழும். இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. கோட்டின் நடுவிலிருந்து அடுத்த கோட்டின் நடுவரைக்கும் அளக்காமல், இரண்டுக்கும் இடையே தெரியும் வெள்ளையை மட்டும் அளந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கோட்டுக்கும் கொஞ்சம் தடிமன் உண்டு. 1 மி.மீ. இடைவெளியில் 0.14 மி.மீ. தடிமனுள்ள கோடுகள் இருந்தால் வெள்ளையின் அகலம் சரியாக 0.86 மி.மீ. வரும், கணக்கு 25 டிகிரி என்று சொல்லும். இது என் ஊகம்தான். உங்கள் தாளைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நெருக்கமான கோடுகளை அளக்கும் எல்லோரும் சரிவைக் கூட்டியே சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு மருந்து சுலபமானது. ஒற்றை இடைவெளியை அளக்கவே அளக்காதீர்கள். ஒவ்வொரு ஐந்தாவது கோடும் தடிப்பாக அச்சாகியிருக்கும். 20 மீட்டர் இடைவெளித் தாளில் இவை 100 மீட்டரின் மடங்குகளில் வரும். ஒரு தடித்த கோட்டிலிருந்து அடுத்த தடித்த கோடுவரை அளந்தால் உயர வித்தியாசம் 100 மீட்டர். அந்தத் தூரம் 5 மி.மீ. என்றால் 250 மீட்டர், மறுபடி 40 சதவீதம். ஆனால் இப்போது அதே கால் மி.மீ. பிசகினாலும் விடை 20.9க்கும் 22.8க்கும் உள்ளேயே நிற்கிறது. பத்து டிகிரித் தடுமாற்றம் இரண்டு டிகிரிக்கு இறங்கிவிட்டது. எண்ணும்போது ஒரு எச்சரிக்கை: இரண்டு தடித்த கோடுகளுக்கு நடுவே நான்கு மெல்லிய கோடுகள்தான் இருக்கும், ஆனால் இடைவெளிகள் ஐந்து. நாலு கோடு என்று எண்ணி 80 மீட்டர் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. எண்ண வேண்டியது இடைவெளியை, கோட்டை அல்ல.

அளப்பதற்கு ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் டிவைடர்தான் நல்ல கருவி. இரண்டு முனைகளையும் இரண்டு தடித்த கோடுகளின் நடுவில் ஊன்றி, விரிவை மாற்றாமல் தாளின் அடியில் அச்சாகியிருக்கும் அளவுக்கோட்டில் கொண்டுபோய் வையுங்கள். ஸ்கேலில் வைத்து 50 ஆல் பெருக்குவதைவிட இது நம்பகமானது. காரணம், கையில் இருப்பது ஜெராக்ஸாகவோ வீட்டு பிரிண்டரில் எடுத்ததாகவோ இருந்தால் அது 1:50,000 ஆக இருக்கும் என்று நம்ப முடியாது. பி.டி.எஃப்.ஐ அச்சிடும்போது பக்கத்துக்கு ஏற்றபடி சுருக்கும் வசதி தானாக இயங்கியிருந்தால், தாள் பத்து சதவீதம் சுருங்கியிருக்கலாம். எல்லாச் சரிவும் கூடித் தெரியும். அளவுக்கோடும் அதே விகிதத்தில் சுருங்குவதால் அதில் வைத்து அளந்தால் பிழை போய்விடும். திரையில் ஜூம் செய்த படத்துக்கும் இதே விதி.

நிறைய இடங்களைப் பார்க்க வேண்டியிருந்தால் ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடத் தேவையில்லை. ஒரு ஓ.எச்.பி. ஷீட்டின் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளின்) ஓரத்தில் சரிவு அளவுகோல் ஒன்று வரைந்துகொள்ளுங்கள். 1:50,000 தாளுக்கு, 100 மீட்டர் உயரத்துக்கு, 10 டிகிரி என்றால் 11.3 மி.மீ., 15 என்றால் 7.5, 20 என்றால் 5.5, 25 என்றால் 4.3, 30 என்றால் 3.5, 35 என்றால் 2.9, 45 என்றால் 2 மி.மீ. நுனி கூர்மையான பேனாவால் இந்த இடைவெளிகளில் இரட்டைக் கோடுகள் போட்டு, பக்கத்தில் டிகிரியை எழுதி, தடித்த கோடுகளின்மேல் வைத்துப் பொருத்திப் பார்க்கலாம். 30க்கும் 35க்கும் நடுவே வித்தியாசம் அரை மி.மீ.தான் என்பது இதை வரையும்போதே உறைக்கும். செங்குத்தான பக்கத்தில் இந்தத் தாளிலிருந்து ஐந்து டிகிரிக்கு நுட்பமாகச் சொல்ல முயல்வது வீண்.

கணக்கு எல்லாம் 20 மீட்டர் இடைவெளியை நம்பி இருக்கிறது; அதைத் தாளின் ஓரக் குறிப்பில் படித்து உறுதிசெய்யாமல் தொடங்கக் கூடாது. இமயமலைத் தாள்களில் 40 மீட்டர் இடைவெளி வரும். அங்கே 1 மி.மீ. என்பது 21.8 அல்ல, 38.7 டிகிரி. பழைய ஒரு அங்குலம் ஒரு மைல் தாள் கையில் கிடைத்தால் அது 1:63,360, உயரமும் அடியில் இருக்கும். இடைவெளி 50 அடி என்றால் 1 மி.மீ. வெறும் 13.5 டிகிரி, 100 அடி என்றால் 25.7. கண்ணுக்கு ஒரே நெருக்கம், சரிவு இரண்டு மடங்கு வேறு. கோடுகளின் நெருக்கம் ஒரே தாளுக்குள் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட மட்டுமே உதவும். அதோடு அலகையும் பாருங்கள். பல செயலிகளில் சரிவைச் சதவீதத்திலும் காட்டலாம், டிகிரியிலும் காட்டலாம். 45 டிகிரிதான் 100 சதவீதம். 25 சதவீதம் என்பது வெறும் 14 டிகிரி. உங்கள் விஷயத்தில் 18 சதவீதம் என்றால் அது 10 டிகிரி. அப்படியிருந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது, வேறு காரணம் தேட வேண்டும்.

அடுத்தது திசை. சரிவு என்று சொல்வது கோடுகளுக்குச் செங்குத்தான திசையில், தண்ணீர் ஓடும் போக்கில் அளப்பது. டிவைடரைக் குறுக்குவாட்டில் சாய்த்து வைத்தால் தூரம் நீண்டு சரிவு குறைந்துவிடும். பாதையின் சரிவு வேறு, மலையின் சரிவு வேறு என்பதும் இதிலிருந்தே வருகிறது. உங்கள் தாளிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது: மேட்டுப்பாளையம் ஊட்டி மலை ரயில். கல்லாறு சுமார் 400 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,700 மீட்டர். இடையே உள்ள பல் தண்டவாளப் பகுதியில் மிகக் கடுமையான ஏற்றமே ஏறக்குறைய 12க்கு 1, அதாவது 8 சதவீதத்துக்குச் சற்று மேல், 5 டிகிரிகூட இல்லை. அந்த ஏற்றத்தில் 20 மீட்டர் உயர 240 மீட்டர் தண்டவாளம் வேண்டும். ஆகவே தாளில் ரயில் பாதை ஒரு சமவுயரக் கோட்டை வெட்டிய இடத்திலிருந்து அடுத்ததை வெட்டும் இடம்வரை, பாதையோடு அளந்தால், 4.8 மி.மீட்டருக்குக் குறையாது. சுரங்கமும் பாலமும் வருகிற இடங்களில் தரையின் கோடுகள் குழப்பும், அவற்றை விட்டுவிடுங்கள். 40 சதவீதச் சரிவுள்ள மலைப்பக்கத்தில் இந்த ஏற்றத்தை வைத்துக்கொள்ள, பாதை சமவுயரக் கோட்டிலிருந்து 12 டிகிரி மட்டுமே விலகி, கிட்டத்தட்ட மலையை அணைத்துக்கொண்டே போக வேண்டும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இதே கணக்குதான். நீங்கள் பார்த்த இடத்தில் ஒற்றையடிப் பாதை குறித்திருந்தால், மலையின் சரிவை விட்டுவிட்டு, பாதை கோடுகளை வெட்டும் இடங்களுக்கு நடுவே அளந்து பாருங்கள்.

சராசரி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கும் இதே இடம்தான் சாட்சி. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் நேர்க்கோட்டில் பத்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1,300 மீட்டரை அதால் வகுத்தால் 8 டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. அந்த மலையைக் கண்ணால் பார்த்த யாரும் 8 டிகிரி என்று சொல்ல மாட்டார்கள். நடுவில் பாறைமுகமும் இருக்கிறது, சமதளமான தேயிலைத் தோட்டமும் இருக்கிறது. எத்தனை மீட்டர் நீளத்துக்கு என்று சொல்லாத டிகிரிக்கு அர்த்தமே இல்லை. உங்கள் ஸ்கேல் சொன்னது சுமார் 45 மீட்டர் நீளத்துக்கு. தடித்த கோடுகளை வைத்து அளந்தால் வருவது 250 மீட்டர் நீளத்துக்கு. செயலி சொல்வது இன்னொரு நீளத்துக்கு.

செயலியின் கணக்கு இப்படி நடக்கிறது. அதற்குள் இருப்பது பெரும்பாலும் சுமார் 30 மீட்டருக்கு ஒரு உயரம் என்று கட்டம் கட்டமாக வைத்த தரவு. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ராடாரால் எடுத்த உயரத் தரவு இன்றும் பல வரைபடங்களுக்கு அடித்தளம். ஒரு கட்டத்தின் சரிவைக் கணக்கிட அதன் இரண்டு பக்கத்துக் கட்டங்களின் உயரத்தை ஒப்பிடுவார்கள். அதாவது 60 மீட்டர் அகலத்துக்குச் சராசரி. மேலேயும் சமதளம், கீழேயும் சமதளம், நடுவில் 30 மீட்டர் செங்குத்துப் பாறை என்று வைத்துக்கொண்டால், 60 மீட்டருக்கு 30 மீட்டர் என்று கணக்காகி, 90 டிகிரிப் பாறை 27 டிகிரிச் சரிவாகத் திரையில் தெரியும். அடர்ந்த காட்டில் அந்த ராடார் தரையைத் தொடாமல் மரங்களின் உச்சிக்கு அருகில் திரும்பியிருக்கும். சோலையின் ஓரத்தில் மரம் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில், இல்லாத சரிவு ஒன்று முளைக்கும். குறுகிய ஓடைப் பள்ளம் மரத்தால் மூடியிருந்தால் இருக்கும் சரிவு மறையும். வான்படத்திலிருந்து வரைந்த பழைய காகிதத் தாளுக்கும் இந்த மரப் பிரச்சினை இல்லாமல் இல்லை. ஆனாலும் வரைந்தவர் பள்ளத்தைப் பள்ளமாகப் பார்த்துக் கோட்டை வளைத்திருப்பார்.

‘அதே இடம்’ என்றீர்கள். அட்சரேகை தீர்க்கரேகையைக் கணக்கிடப் பூமியின் வடிவத்துக்கு ஒரு மாதிரி வேண்டும். பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற மாதிரியை அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறொரு மாதிரி. பழைய தாளில் படித்த அட்சரேகை தீர்க்கரேகையை அப்படியே போனில் அடித்தால், புள்ளி தரையில் நூறு மீட்டருக்கு மேல் விலகி விழலாம். தாளில் அது 2 மி.மீ.; உங்கள் கோடுகளில் இரண்டு இடைவெளி. தாளின் ஓரத்தில் எந்த அடிப்படை என்று எழுதியிருக்கும். ஓடைகள் சேரும் இடம், கோயில், சாலை வளைவு என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தை வைத்து இடத்தைப் பொருத்திவிட்டு ஒப்பிடுங்கள். என் அனுமானம், உண்மையான பதில் 20ஐ ஒட்டி இருக்கும். உங்கள் ஸ்கேல் கொஞ்சம் கூட்டியும் செயலி கொஞ்சம் மழுக்கியும் சொல்கின்றன. தடித்த கோடுகளை வைத்து மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

இறங்க முடியுமா என்ற கேள்விக்கு வருவோம். 20 டிகிரி என்பது கால்வலிக்கிற சரிவு, அவ்வளவுதான். வீட்டு மாடிப்படி, ஆறு அங்குல உயரமும் பத்து அங்குல மிதியும் இருந்தால், 31 டிகிரி. படி இல்லாமல், நனைந்த புல்லின்மேல் அதே 31 டிகிரி என்றால் பலருக்கு உட்கார்ந்துதான் இறங்க வரும். 35ஐ நெருங்கினால் உதிரி மண்ணும் சரளையும் தானே நிற்கத் திணறும். ஆனால் சராசரி 20 டிகிரி என்பதால் வழி நெடுக 20 டிகிரி என்று ஆகாது. தாள் அடியோடு மறைக்கிற விஷயம் இதுதான். 1,201 மீட்டரில் தொடங்கி 1,219இல் முடிகிற 18 மீட்டர் பாறை, 20 மீட்டர் இடைவெளித் தாளில் ஒரு கோட்டைக்கூடத் தொடாது. 1,181இலிருந்து 1,219 வரை நிற்கும் 38 மீட்டர் பாறை 1,200 என்ற ஒரே கோட்டைத்தான் தொடும். பக்கத்துக் கோடுகள் இரண்டும் சாதாரண இடைவெளியிலேயே நிற்கலாம். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டினால்தான் செங்குத்துப் பாறை என்று படித்தவர்கள், பத்து மாடி உயரப் பாறையைத் தாளில் பார்க்காமலே போவார்கள். பாறைக்கான குறியீடு இருந்தால் நம்புங்கள். இல்லை என்பதை நம்பாதீர்கள்.

தாளில் இருந்து நிச்சயமாக எடுக்கக்கூடியது சரிவின் வடிவம். தடித்த கோட்டின் எண்ணையோ பக்கத்து உயரப் புள்ளியையோ பார்த்து மேல் எது கீழ் எது என்று முதலில் உறுதிசெய்யுங்கள். மேலே கோடுகள் அகன்றும் கீழே போகப் போக நெருங்கியும் இருந்தால் அது வெளிப்புறம் புடைத்த சரிவு. உச்சியில் நின்றால் இதமாகத் தெரியும், அடிப்பகுதி கண்ணுக்கே படாது. இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மேலே நெருங்கிக் கீழே அகன்றால் உட்குழிந்த சரிவு. மிக மோசமான பகுதி முதலிலேயே வந்துவிடும், வேண்டாம் என்றால் திரும்பிவிடலாம். கோடுகள் வளைந்து முனை உயரமான பக்கத்தைக் காட்டினால் ஓடைப் பள்ளம், தாழ்வான பக்கத்தைக் காட்டினால் முகடு. குன்னூர்ப் பக்கத்து ஓடைகள் பலவற்றில் நடுவே அருவி விழும் பாறைகள் உண்டு; 20 மீட்டருக்குக் குறைவான அருவி கோட்டில் தெரியாது. இறங்கப் பள்ளத்தைத் தேர்ந்தெடுக்காமல், முகட்டையே பிடித்துக்கொண்டு போகும்படி வழியைக் குறியுங்கள்.

நான் செய்யச் சொல்வது: போக நினைக்கும் வழியை டிரேசிங் பேப்பரில் வரைந்து, சரிவு அளவுகோலை வழி நெடுக நகர்த்துங்கள். தடித்த கோடுகள் 3.5 மி.மீட்டருக்குள் வரும் ஒவ்வொரு இடத்தையும் சிவப்பில் குறியுங்கள். அவை 30 டிகிரிக்கு மேல். 100 மீட்டருக்குள் நான்கு மெல்லிய கோடுகளும் சம இடைவெளியில் இல்லாமல், இரண்டு மட்டும் ஒட்டி மற்றவை விலகி நிற்கும் இடங்களையும் குறியுங்கள். சராசரி 20 என்று வந்தாலும் நடுவில் ஒரு பாறைப்படி இருக்க அங்கேதான் வாய்ப்பு அதிகம். பிறகு சேட்டிலைட் படத்தில் அதே இடங்களைத் தேடி, வெறும் பாறையா புல்லா மரமா என்று பாருங்கள். காலை அல்லது மாலை நேரப் படமாக இருந்தால் பாறையின் நிழல் காட்டிக்கொடுக்கும். அதற்கும் மேல் சந்தேகம் இருக்கும் இடங்களின் பட்டியலோடு, வனத்துறை அனுமதிக்குப் போகும்போது, அந்த பீட்டில் (வனத்துறையின் ரோந்துப் பகுதியில்) நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலரிடம் கேளுங்கள். ‘இந்தப் பக்கம் இறங்கலாமா’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘ஓடை சேரும் இடத்துக்கு மேலே, இந்த முகட்டில் 1,200 மீட்டர் பக்கம் பாறை இருக்கிறதா, கயிறு வேண்டுமா’ என்று இடம் குறித்துக் கேட்டால், அவர்களால் பதில் சொல்ல முடியும்.